மோதிரத்தால் தட்டிக் காட்டிய சத்தம்

காலையில் தம்பி றேமண்ட் காரை எடுத்துக்கொண்டு போனதும் கொன்ஸ்ரன்ஸ் உடனே உள்ளே வரமாட்டாள். விளக்குமாற்றைக் கையில் பிடித்தபடி வாசல் கல்லில் நிற்பாள். பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. கொட்டாஞ்சேனையின் அந்த ஒழுங்கை இரண்டு வீடு தாண்டியதும் வளைந்துவிடும், காரும் மறைந்துவிடும். அவள் கேட்டுக்கொண்டுதான் நிற்பாள். வளைவுக்கு அப்பால் ஏற்றம். ஏற்றத்தில் அந்தப் பழைய மொறிஸ் மைனர் மூச்சு வாங்கும், இரண்டாம் கியருக்கு இறங்கும், முனகிக்கொண்டே உச்சிவரை போகும். அங்கே ஒரு கணம் சத்தம் அறுந்து மூன்றாம் கியர் விழும். அது விழுந்த பிறகுதான் கூட்டத் தொடங்குவாள். ஏதோ காரணத்தால் அதைக் கேட்காமல் உள்ளே வந்துவிட்டால் அன்று முழுக்க அடுப்படியில் ஒரு வேலைக்கும் கை போகாது.

அவள் புருசன் வின்சன்ற் வீட்டில் இருந்த காலத்தில் இந்தப் பழக்கம் இருக்கவில்லை. அப்போது கார் போவதும் வருவதும் மழை பெய்வதுபோல, யாரும் கவனிப்பதில்லை. வின்சன்ற் பதினெட்டு வருசமாக அந்தக் காரை வாடகைக்கு ஓட்டியவர். வெள்ளவத்தை லொட்ஜுகளில் வந்து தங்கும் யாழ்ப்பாணத்து ஆட்களை ஏற்றி இறக்குவதுதான் அவருடைய முக்கியமான ஓட்டம். தொண்ணூற்றாறாம் ஆண்டு கடைசியில் அவர் ஏற்றி இறக்கிய ஒரு பெடியனைப் பொலிஸ் தேடியது. பெடியன் அகப்படவில்லை. காரின் நம்பர் அகப்பட்டது.

பிடித்துக்கொண்டுபோய் முதல் மூன்று மாதம் வின்சன்றை எங்கே வைத்திருந்தார்கள் என்று அவளுக்குத் தெரியாது. பிறகு சிறைக்கு மாற்றினார்கள், கிழமைக்கு ஒருநாள் பார்க்க விட்டார்கள். முதன்முதல் பார்க்கப் போனபோது அவர் சொன்னது ஒன்றுதான்: "ஆர் வந்து என்ன கேட்டாலும் தெரியாது எண்டு சொல்லு. உள்ளுக்கு நாங்கள் எல்லாரும் அப்படித்தான்."

காரைக் கோர்ட் அவள் பொறுப்பில் விட்டிருந்தது. ஒன்றுவிட்ட தம்பி றேமண்ட் அதை ஓட்டினான், அந்த வருமானத்தில்தான் அடுப்பு எரிந்தது. ஆனால் கோர்ட்டுகள் இருக்கும் புதுக்கடையில் அட்வகேட் கதிர்காமநாதன் அவளை இருத்தி வைத்துச் சொல்லியிருந்தார்: "இஞ்சை பாருங்கோ பிள்ளை. கார் எப்ப கேட்டாலும் கொண்டுபோய் நிப்பாட்டவேணும். எஞ்சின் மாறக்கூடாது. வேற ஆளின்ர இடத்தில ஒரு இரவும் நிக்கக்கூடாது. அடுத்த வழக்குத் தவணைக்கு ஆளை விடுறதுக்கு நல்ல சந்தர்ப்பம் இருக்கு. அதுக்குள்ள அவரின்ர பேரில புதுசா ஒரு கறுப்பும் விழக்கூடாது, விளங்குதோ?"

விளங்கியது. அன்றிலிருந்து அவள் வாழ்ந்ததே அந்த ஒரு வாக்கியத்துக்குள்தான். பக்கத்து வீட்டுக்காரி குப்பையைத் தன் வாசலில் தள்ளினாலும் சண்டைக்குப் போகமாட்டாள். சோதனைச் சாவடியில் பையைத் தலைகீழாகக் கொட்டினாலும் குனிந்து பொறுக்கிக்கொண்டு நன்றி சொல்லிவிட்டு வருவாள்.

ஒரு திங்கட்கிழமை காலை, ஏற்றத்தில் கார் முனகும் சத்தத்துக்கு அடியில் வேறொன்றும் கேட்டது. யாரோ உள்ளே இருந்து தட்டுகிற மாதிரி. மூன்றாம் கியர் விழுந்ததும் நின்றுவிட்டது. அடுத்த நாளும் தட்டியது. மூன்றாம் நாள் றேமண்ட் வரும்வரை பார்த்திருந்து கேட்டாள்.

"பெயரிங் அக்கா," என்றான் அவன், செத்தவீட்டுச் செய்தி சொல்வதுபோல. "போச்சு. இப்படியே தட்டித் தட்டி ஒருநாள் றோட்டு நடுவில இறுகி நிண்டிடும்."

"நிண்டால் தள்ளிக்கொண்டு வாறதுதானே."

"நல்ல கதை. நிண்ட காரை விட்டிட்டு மெக்கானிக்கைத் தேடிப் போனால் திரும்பி வரேக்குள்ள அதைச் சுத்திக் கயிறு கட்டிப்போட்டு ஆமி நிக்கும். உள்ளுக்குக் குண்டு எண்டு வெடிக்க வைச்சாலும் வைப்பாங்கள். பிறகு கார் ஆரின்ரை எண்டு பாப்பாங்கள். நம்பரைப் பாத்தால் வேற சொல்லவேணுமே? பேசாமல் உடைச்சு வித்துப்போடுவம்."

விற்கவும் முடியாது, உடைக்கவும் முடியாது என்பது அவனுக்கும் தெரியும். பயத்தில் கதைத்தான்.

கிராண்ட்பாஸில் ராசிக்கின் கராஜுக்குக் கொண்டுபோனார்கள். ராசிக் வின்சன்றின் பழைய சிநேகிதன். நீளமான திருப்புளியின் ஒரு முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு இடமாகக் கேட்டான். பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கழற்றிப் பூட்டினான். எஞ்சின் தையல் மெசின் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

"நிக்கக்குள்ள நல்ல புள்ளயாட்டம் நிக்கிது," என்றான். "ஏத்தத்துல மட்டும் தட்டுதுன்டா பெயரிங்கா ஈக்கலாம், வேற என்னமும் ஈக்கலாம். எறக்கிப் பாக்காம செல்ல ஏலா தங்கச்சி. ஒரு கிழமைக்கு வெச்சிட்டுப் போங்க."

"ஒரு கிழமை வைக்கேலாது, ராசிக் நானா. கோர்ட் சொல்லியிருக்கு. ஒருக்கா ஏறி ஓடிப் பாருங்கோவன்."

ராசிக் கையைத் துணியில் துடைத்தான். துடைத்து முடிந்த பிறகும் துடைத்தான். "கோவிக்க வாணாம். இந்த நம்பரோட நான் றோட்டுக்குப் போக மாட்டன். எனக்கும் புள்ளகுட்டி ஈக்கி."

கோபிக்க என்ன இருக்கிறது? ஏறச் சொல்லி அவனைக் கேட்டதே பிழை என்று அவளுக்குப் பட்டது. வீட்டுக்கு வரும் வழியில் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். அந்த எஞ்சினைப் பதினெட்டு வருசமாகக் கேட்டவர் ஒருவர்தான் இருக்கிறார். கிழமைக்கு ஒருநாள் அவரைப் பார்க்கலாம். அவரிடமே கேட்பது.

பார்க்கிற இடம் ஒரு நீளமான கொட்டில். நடுவில் கம்பிவலை, ஒரு கை நீளம் தள்ளி இன்னொரு கம்பிவலை. இந்தப் பக்கம் பெண்கள், அந்தப் பக்கம் ஆண்கள், எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். பிள்ளை பாஸ் பண்ணிவிட்டான், மாமி செத்துவிட்டா, காசு வந்தது, காசு வரவில்லை எல்லாம் ஒன்றோடொன்று மோதி வலைகளுக்கு நடுவில் விழுந்துவிடும். ஒருவருக்குச் சொன்ன மறுமொழியை இன்னொருவர் வாங்கிக்கொண்டு போன கதையும் உண்டு.

"எஞ்சினுக்குள்ள தட்டுது," என்று கத்தினாள் கொன்ஸ்ரன்ஸ்.

"ஆ?"

"கார்! தட்டுது!"

"காட்டோ? என்ன காட்?"

பக்கத்தில் நின்ற பெண் சிரித்தாள். கொன்ஸ்ரன்ஸ் கதைப்பதை விட்டுவிட்டாள். ஸ்ரியரிங் பிடிப்பதுபோல இரண்டு கையையும் திருப்பிக் காட்டினாள். அவர் தலையாட்டினார். வலைக்குக் கீழே மரச்சட்டம் ஒன்று இருந்தது. அதில் முட்டியால் டொக், டொக் என்று தட்டி, இல்லை என்று தலையசைத்தாள். பிறகு கல்யாண மோதிரம் போட்ட விரலை மடித்து, வலையின் இரும்புச் சட்டத்தில் மோதிரத்தால் வேகமாகத் தட்டினாள். இதுதான். வலது கையை ஏற்றம்போலச் சரித்துக் காட்டி, தட்டினாள். அக்ஸிலேற்றரை மிதிப்பதுபோல உள்ளங்கையை மரச்சட்டத்தில் அழுத்தி, தட்டினாள். உள்ளங்கையை எடுத்தாள், தட்டுவதை நிறுத்தினாள். திரும்ப அழுத்தினாள், திரும்பத் தட்டினாள். வின்சன்ற் கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

அவள் தோளில் ஒரு கை விழுந்தது.

"மொகத மே?" என்ன இது என்று சிங்களத்தில் கேட்டான் காவலாளி. மற்ற வலைக்கு அப்பால் இன்னொரு காவலாளி வின்சன்றை ஏற்கெனவே பின்னால் இழுத்துவிட்டான்.

ஜெயிலரின் அறையில் அவளை நிற்கவைத்து, அந்தக் காவலாளி தான் கண்டதைச் சொன்னான். முதலில் மெதுவாக இரண்டு, பிறகு தலையாட்டல், பிறகு வேகமாகப் பல, கையால் சைகை, நிறுத்தம், திரும்பவும். அவன் சொல்லச் சொல்ல அது அவளுக்கே ஒரு இரகசிய மொழிபோலத்தான் கேட்டது. ஜெயிலர் ஐம்பது வயதுக்காரர், கண்ணாடி போட்டவர். சத்தம் போடவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் பயம்.

"நோனா, இது என்ன?"

கொட்டாஞ்சேனையில் பிறந்தவள், சிங்களம் அவளுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனால் அன்று சொற்கள் தடுக்கின. கார் என்றாள், எஞ்சின் என்றாள், தட்டுகிறது என்றாள்.

"எஞ்சின் தட்டுவதைச் சிறைக்கு வந்தா சொல்வார்கள்? கராஜ் இல்லையா கொழும்பில்?"

"அவருக்குத்தான் மாத்தயா அந்த எஞ்சினைத் தெரியும்."

"கார் எங்கே?"

"வெளியில்."

ஜெயிலர் எழும்பினார். அடுத்த தவணைக்கு இன்னும் இரண்டு கிழமைதான். கறுப்பு விழுந்துவிட்டது என்று அவள் நினைத்தாள். தான்தான் கொண்டுவந்து விழுத்தினேன், அதுவும் மோதிரத்தால்.

றேமண்ட் எதிர்ப்பக்க மரநிழலில் காரை விட்டு, உள்ளே சாய்ந்து நித்திரை. கண்ணைத் திறந்தபோது ஜெயிலரும் இரண்டு துவக்குகளும் கண்ணாடிக்கு வெளியே. இறங்கச் சொல்லாமலே இறங்கி இரண்டு கையையும் தூக்கினான்.

"கையை இறக்கு. எஞ்சினைப் போடு."

எஞ்சின் ஒரே திருப்பில் பிடித்தது. பொனெட்டைத் தூக்கினார்கள். எல்லோரும் குனிந்து கேட்டார்கள். சத்தமில்லை. ராசிக்கின் கராஜில் ஓடியதைவிட இனிமையாக ஓடியது. அக்ஸிலேற்றரை மிதிக்கச் சொன்னார்கள், மிதித்தான். கம்பீரமாக உறுமியது, தட்டவில்லை.

இரண்டு கிழமையாக அந்தத் தட்டல் நிற்கவேண்டுமென்று மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்தியவள் இப்போது அது வரவேண்டுமென்று கேட்டாள். ஒரு தரம். ஒரே ஒரு தரம் தட்டிக்காட்டு.

ஜெயிலர் அவளைப் பார்த்தார். காவலாளி ஜெயிலரைப் பார்த்தான்.

"நிக்கிறபோது தட்டாது மாத்தயா," என்றாள் அவள். "பாரம் வேணும். இழுக்கவேணும். நீங்கள் ஏறுங்கோ."

"நான்?"

"எல்லாரும். ஏறி இருங்கோ. ஒரு சுற்றுப் போய் வரட்டும்."

தன் குரலில் அப்படி ஒரு கட்டளை எங்கிருந்து வந்ததென்று அவளுக்குத் தெரியாது. என்ன நினைத்தாரோ, ஜெயிலர் முன்சீற்றில் ஏறினார். பின்னால் இரண்டு காவலாளிகளும் துவக்குகளை முழங்காலுக்கு நடுவில் நட்டுக்கொண்டு நெருங்கி இருந்தார்கள். சின்னக் கார் பின்பக்கம் பதிந்தது. அவள் ஜன்னலால் குனிந்து றேமண்டிடம் தமிழில் சொன்னாள்: "மூண்டாம் கியரிலயே இழு. மெதுவா. இறக்காதை."

"அக்கா, எஞ்சின் போயிடும்."

"போகட்டும்."

அவளை வாசல் காவலோடு நிற்கவைத்துவிட்டு அவர்கள் போனார்கள். திருப்பத்தில் மறைந்தார்கள். அவள் காத்திருந்தாள். பிறகு கார் வந்தது, கண்ணுக்குத் தெரியுமுன் காதுக்கு. கிண்கிண்கிண்கிண் என்று, தகரப் பேணிக்குள் ஆணிகளைப் போட்டுக் குலுக்குவதுபோல, அதுவரை அவள் கேட்டதிலேயே உரத்த தட்டல். பாரம் தாங்காமல் ஆமைபோல ஊர்ந்து, தட்டித் தட்டி, ஜெயிலரைச் சுமந்துகொண்டு அந்த மொறிஸ் மைனர் திரும்பி வந்தது. காவலாளிகளில் இளையவன் பின்சீற்றில் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஜெயிலர் இறங்கினார். காற்சட்டையைத் தட்டிச் சரிசெய்தார்.

"ஹரி, சரி. கார் தட்டுகிறது," என்றார். "ஆனால் நீ தட்டியது அதைத்தான் என்று எனக்கு எப்படித் தெரியும்? உன் புருசனைக் கேட்டுப் பார்க்கிறேன். தனியாக. அவனும் இதையே சொன்னால் சரி."

அவள் அறைக்கு வெளியே வாங்கில் இருந்தாள். வின்சன்றை அந்தக் கதவால் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் அவளைப் பார்க்கவில்லை, பார்க்க விடவில்லை. கதவு மூடியது.

தெரியாது என்று சொல்லிவிடுவார். அவளுக்கு அது நிச்சயமாகத் தெரிந்தது. அந்த மனுசன் ஒரு வருசமாக எல்லாக் கேள்விக்கும் சொல்லிப் பழகிய ஒரே பதில் அதுதானே. ஆரை ஏற்றினாய், தெரியாது. எங்கே இறக்கினாய், தெரியாது. உன் மனுசி என்ன தட்டினாள்? தெரியாது மாத்தயா. தன்னைக் காப்பாற்றப் படித்த சொல்லாலேயே அவர் தன்னைக் கட்டிப்போடப் போகிறார். பார்க்க வருவதை நிறுத்துவார்கள். தவணையில் கதிர்காமநாதன் எழும்பி நிற்க, அரச தரப்பு ஆள் இதைத் தூக்கி மேசையில் வைப்பார்.

அதோடு இன்னொன்றும் இருந்தது. அவர் சொல்ல நினைத்தாலும், விளங்கியிருக்குமா? ஒரு சொல்லும் போய்ச் சேரவில்லை. இழுத்துக்கொண்டு போகும்போது அவர் முகத்தில் விளங்கியதற்கும் அடையாளம் இல்லை, விளங்காததற்கும் இல்லை.

வாங்குக்கு எதிரே சுவரில் தண்ணீர்க் குழாய் ஒன்று சொட்டிக்கொண்டிருந்தது. அவள் தன்னையறியாமல் மோதிரத்தைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். அதையும் ஒரு காவலாளி பார்க்கிறான் என்று கண்டதும் இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் இருந்தாள்.

கதவு திறந்தது. வின்சன்றை வேறு பக்கத்தால் கொண்டுபோயிருந்தார்கள். ஜெயிலர் மட்டும் நின்றார்.

"பெயரிங் இல்லையாம்," என்றார்.

அவளுக்கு முதலில் ஒன்றும் ஏறவில்லை.

"ரைமிங் கூடிவிட்டதாம், பொறி நேரத்துக்கு முந்தி விழுகிறதாம். டிஸ்ரிபியூற்றர் திரும்பியிருக்குமாம். அதை இளக்கி ஒரு மயிரளவு பின்னுக்குத் திருப்பி இறுக்கச் சொன்னான். எஞ்சினை இறக்கவேண்டாமாம்." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேட்டதற்கு மேலாலும் சொன்னான். உன் டிரைவரை ஏற்றத்தில் கியரை இன்னும் முந்தியே இறக்கச் சொல்லட்டாம்."

அவள் எழும்பினாள்.

"இனிமேல் தட்டாதே நோனா. என்னவென்றாலும் வாயால் சொல்."

கார் இரண்டு சந்தி தாண்டியது. அவள் ஜெயிலர் சொன்னதைச் சொன்னாள். அவன் ஸ்ரியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "அக்கா, ஸ்ராண்டில ஒருத்தன் சொன்னவன், ரைமிங்கைக் கொஞ்சம் கூட்டி வைச்சால் பெற்றோல் மிச்சம் பிடிக்கலாம் எண்டு. நான் கொஞ்சம்போலத்தான் திருப்பினனான்."

"அப்ப பெயரிங் எண்டு ஏன்ரா சொன்னனீ?"

"அந்தத் தட்டல் இதால வரும் எண்டு எனக்கென்ன தெரியும்?"

அவள் அவனை ஏசவில்லை. ஏச ஆரம்பித்தால் அழுகை வரும்போல இருந்தது. ராசிக் றோட்டோரத்திலேயே வைத்து, ஒரு பிளேன்ரீ ஆறுவதற்குள் திருகாணியை இளக்கி, திருப்பி, இறுக்கிவிட்டான். "செய்தி கொண்டாந்தது ஆரு?" என்று கேட்டான். "ஜெயிலர்," என்றாள்.

வின்சன்றை அந்தத் தவணையில் விடவில்லை. தவணை ஒன்று தள்ளிப்போய், அதற்கடுத்ததில் விட்டார்கள். ஆனால் அவர் பேரில் புதிதாக ஒன்றும் விழுந்திருக்கவில்லை. ஜெயிலர் அந்தப் பகல் நடந்ததை யாரிடமும் கொண்டுபோகவில்லை.

வீட்டுக்கு வந்தவர் அதிகம் கதைக்கவில்லை. கதைத்தால் உரத்துக் கதைத்தார். கூப்பிட்டால் திரும்பமாட்டார், முன்னால் போய் நின்றால் பதில் சொல்வார். கொன்ஸ்ரன்ஸ் அதைச் சிறையின் மேல் போட்டாள். அங்கே இருந்து வந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் என்று தெருவிலும் சொன்னார்கள். ஓட்டத்துக்குத் திரும்ப எடுக்க வேண்டியிருந்த மருத்துவச் சான்றுக்காக அவரைக் கூட்டிக்கொண்டு போனபோதுதான், டொக்டர் அவருடைய காதுக்குள் லைற்றை அடித்துப் பார்த்து, திரும்ப அடித்துப் பார்த்து, அவளைத் தனியே கூப்பிட்டார். இரண்டு செவிப்பறையும் கிழிந்து, தாறுமாறாக ஒட்டியிருக்கிறது என்றார். நெடுநாள் ஆகியிருக்கும், ஒன்றரை வருசம் மட்டில். செவிக்கு உள்ளேயும் அடிபட்டிருக்கிறது. பக்கத்தில் நின்று கத்தினாலும் வெறும் இரைச்சல்தான் கேட்கும், அவர் உங்கள் வாயைப் பார்த்துத்தான் பதில் சொல்கிறார்.

ஒன்றரை வருசம். எங்கே வைத்திருந்தார்கள் என்று தெரியாத அந்த மூன்று மாதம்.

வெளியே வாங்கில் அவருக்கு நேர் எதிரே, வாய் தெரியும்படி இருந்துகொண்டு அவள் கேட்டாள்: "அப்ப அண்டைக்கு நான் தட்டினது உங்களுக்குக் கேட்கேல்லையோ?"

"இல்லை," என்றார் வின்சன்ற். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்குமளவு உரத்து. "கையைப் பார்த்தனான். முட்டியால தட்டி இல்லை எண்டாய். மோதிரத்தால எண்டால் மெல்லிசுச் சத்தம். கையைச் சரிச்சது ஏத்தம். உள்ளங்கையை எடுக்கச் சத்தம் நிண்டுது. ரைமிங்தானே, வேற என்ன?"

"ஜெயிலர் கேட்டது?"

"அவர் கண்ணாடியைத் துடைச்சுக்கொண்டு, குனிஞ்சபடி என்னவோ கேட்டவர். வாய் தெரியேல்லை. பிறகு பேனையை எடுத்து மேசையில தட்டினவர். நான் உனக்குச் சொல்ல வைச்சிருந்ததைச் சொன்னனான். என்ன கேட்டவர் எண்டு எனக்கு இண்டைக்கும் தெரியாது."